சூட்டில் விலகும் சுருதி

பழைய அனலாக் சிந்தசைசர்களைப் பழுது பார்ப்பது என் தொழில். என்னிடம் வரும் கருவிகளில் அடிக்கடி சொல்லப்படும் குறை, சுருதி நிற்கவில்லை என்பதுதான். இவற்றில் சுருதியைத் தீர்மானிப்பது மின்னழுத்தம். பெரும்பாலானவற்றில் ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி ஏறும். அந்தக் கணக்கைப் போடும் டிரான்சிஸ்டர் சூடானால் கணக்கும் மாறிவிடும்.

1978-இல் வந்த ப்ராஃபெட்-5 சிந்தசைசரில் ஐந்து குரல்கள். குரலுக்கு, ஒலியலையைப் பிறப்பிக்கும் ஆசிலேட்டர்கள் இரண்டு. பத்தும் பத்து விதமாக விலகும். ட்யூன் பொத்தானை அழுத்தினால், உள்ளே இருக்கும் மைக்ரோபிராசசர் அவற்றை ஒரு சுருதிக்குக் கொண்டுவரும். அதன் பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய வேறுபாடுதான், பல சுரங்களைச் சேர்த்து அழுத்தும்போது வயலின் குழு வாசிப்பதுபோல ஒலியை அகலப்படுத்துகிறது.

இதைப் பழசின் ஆன்மா என்பார்கள். எனக்கு அது அளந்து பார்க்கக்கூடிய விஷயம். அளக்க முடிந்ததைத் திரும்பச் செய்யவும் முடியும். 2020-இல் அதை உருவாக்கிய டேவ் ஸ்மித் தன் ப்ராஃபெட்-5-ஐ மறுபடி கொண்டுவந்தபோது, அதில் ‘வின்டேஜ்’ என்று ஒரு குமிழ் வைத்தார். ஒரு பக்கம் திருப்பினால் குரல்கள் கட்டுக்கோப்பாக நிற்கும்; மறுபக்கம் திருப்பினால் முதல் பதிப்பைப்போல ஆளுக்கொரு பக்கம் விலகும். முதல் இரண்டு பதிப்புகளின் ஃபில்டர் சிப்பை வடிவமைத்த டேவ் ராஸமே இதற்கும் புதிய சிப்பைச் செய்து தந்தார். மூன்றாம் பதிப்பில் இருந்த கர்ட்டிஸ் நிறுவனத்தின் ஃபில்டரும் கூடவே இருக்கிறது, வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம்.

எல்லாப் பழமையும் காப்பாற்றத் தக்கதல்ல. 1981-இன் கோர்க் பாலிசிக்ஸில், நினைவகத்துக்கான பேட்டரி கசிந்து போர்டின் செம்புத் தடங்களை அரித்துவிடும். அரிபட்ட தடங்களை ஒவ்வொன்றாகக் கம்பியால் இணைத்திருக்கிறேன். அதில் மீட்டெடுக்க எந்த இசையும் இல்லை.

மறுவெளியீடுகளைக் கொண்டுவந்த, பழைய கருவிகள் மீதான இந்தப் புது ஆர்வத்தால் பழையவற்றுக்கும் நன்மை உண்டு. மூன்றாம் பதிப்பு ப்ராஃபெட்டின் ஆசிலேட்டர் சிப், கர்ட்டிஸின் சி.இ.எம். 3340. உற்பத்தி நின்றிருந்த காலத்தில் ஒன்று செத்தால், இன்னொரு கருவியைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். 2016-இல் கர்ட்டிஸ் நிறுவனமே அதை மீண்டும் தயாரித்தது. இன்று புது சிப்பை வாங்கிச் சாக்கெட்டில் செருகினால் அந்தக் குரல் திரும்ப வருகிறது.

ஆகவே ஒரு மறுவெளியீட்டை நான் ஒலியை மட்டும் வைத்து மதிப்பிடுவதில்லை. நாளை இதைத் திறந்து பழுது பார்க்க முடியுமா என்பதையும் பார்க்கிறேன். 2016-இன் மினிமூக் மாடல் டி, துளைவழி செருகிப் பற்றவைத்த பாகங்களோடு வந்தது. சாதாரண சால்டரிங் அயர்னே அதற்குப் போதும். விலை குறைந்த பலவற்றில் இருப்பவை பொடிப் பாகங்கள். அதுகூடப் பெரிய தடையில்லை, சர்க்யூட் வரைபடம் கையில் இருந்தால். 1980-இன் கருவியை நான் இன்று சரிசெய்ய முடிவது, அதன் சர்வீஸ் மேனுவல் கிடைப்பதால்தான். இன்றைய கருவியோடு வரைபடத்தையும் வெளியிடும் நிறுவனமே அடுத்த தலைமுறை வாசிப்பவரையும் மனத்தில் வைத்திருக்கிறது.