ஆறாவது பிரடை

லண்டனுக்கு வேலைக்குப் போனவன் பழைய பாஞ்சோக்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டு திரிகிறான் என்று ஊரில் பேச்சு. நிஜம்தான். சனிக்கிழமைச் சந்தைகளில் அடியேனைப் பார்க்கலாம்.

பாஞ்சோ என்பது கஞ்சிராவுக்குக் கழுத்து முளைத்த மாதிரி ஒரு வாத்தியம். வட்டச் சட்டம், கன்றுத் தோல், அஞ்சு தந்தி. விக்டோரியா மகாராணி காலத்தில் லண்டனிலும் பர்மிங்காமிலும் செய்து தள்ளியிருக்கிறார்கள்.

பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். பர்மிங்காம் பட்டறைச் சரக்கை வாங்கி, தங்கள் பெயரைக் குத்தி விற்ற கடைக்காரர்கள் அநேகம். உபயோகமான முத்திரையும் உண்டு. 'எஸெக்ஸ் அண்ட் கேமயர்' என்றிருந்தால் 1893-க்கும் 1900-க்கும் நடுவில் வந்தது. அப்புறம் கூட்டாளிகள் பிரிந்துவிட்டார்கள்.

அடுத்து, விரல்பலகை. "கருங்காலி!" என்று சத்தியம் செய்வார்கள். விரல் பட்டுத் தேய்ந்த இடத்தைப் பாருங்கள். வெளுத்திருந்தால் சாயம் பூசின வேறு ஏதோ மரம். பிறகு கழுத்தை ஒற்றைக் கண்ணால், துப்பாக்கி குறி பார்ப்பது போல நோட்டம் விடுங்கள். நரம்புத் தந்திக்காகச் செய்ததில் எவனாவது கனமான எஃகுத் தந்தியை இழுத்துக் கட்டியிருந்தால் வில்லாக வளைந்திருக்கும். வைத்தியச் செலவு, வாங்கின விலையைத் தாண்டும். பளபள நிக்கல், சுற்றிலும் முப்பது கொக்கி... அதெல்லாம் கல்யாண மண்டப சீரியல் லைட்!

ஆபீஸில் பக்கத்து சீட் வெள்ளைக்காரர் ஒருநாள் தாத்தாவின் பாஞ்சோவைக் கொண்டுவந்தார். வீட்டுக் கூரை ஒழுகுகிறதாம். இதை விற்று ரிப்பேர் செய்ய உத்தேசம். பின்பக்கம் மூடியிருந்தது. ஆறு பிரடை, அஞ்சு தந்தி.

"ஒரு தந்தி தொலைந்துவிட்டது. விலை குறையுமோ?"

தொலையவில்லை சார்! இது ஸிதர் பாஞ்சோ. அமெரிக்காவிலிருந்து லண்டன் வந்த ஆல்ஃபிரட் கேமயர் பிரபலமாக்கியது. கிதார் மாதிரி பக்கத்துக்கு மூன்று பிரடை. அதில் ஒன்று சும்மா, அழகுக்கு. ஐந்தாவது தந்தி விரல்பலகைக்கு அடியில் குழாய்க்குள் பதுங்கி வந்து, ஐந்தாம் மெட்டருகே தலைகாட்டும்.

கூரை விஷயம்தான் சங்கடம். விரல்பலகை வெளுத்திருந்தது. ஸிதர் பாஞ்சோவை ஏராளமாகச் செய்துவிட்டதால், சாதாரண ரகத்துக்கு இன்றைக்கு விலையும் இல்லை. ஒரு ஜன்னல்கூடத் தேறாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. மனிதர் முகம் தொங்கிப்போனது.

கழுத்து மட்டும் ஸ்கேல் வைத்த மாதிரி நேர். சுருதி சேர்த்து நாலு தட்டு தட்டினேன். "தாத்தா வீட்டுச் சத்தம்!" என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

கூரைக்கு பேங்க்கில் லோன் போட்டிருக்கிறார். என்னிடம் சனிக்கிழமை தோறும் பாடம்.