732 மீட்டர்... 12 மணி வரைக்கும்!

பர்ஸில் பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டு இருந்தா ஒரு நிமிஷம் வெளியே எடுங்க பாஸ். எல்லோரா போட்ட 2019 நோட்டு இல்லை, அதுக்கு முந்தினது. திருப்பிப் பாருங்க. தென்னை மரங்கள், கடல், ஒரு கலங்கரை விளக்கம், பின்னால் ஒரு மலை தெரியுதா? அந்த மலையில்தான் எங்க கேங்கின் முதல் நாள் வியர்வை சிந்தினது. இடம்: அந்தமான். மாசம்: மே. அறிவுள்ளவன் எவனும் மே மாசம் அங்கே மலை ஏற மாட்டான்னு ஊரே சொன்னது. ஆனா செமஸ்டர் லீவ் அப்போதானே விடறாங்க!

மொத்தம் நாலு பேர். பேரைப் போட்டா வீட்டில் உதை விழும். அதனால டிபார்ட்மென்ட்டை வெச்சே கூப்பிட்டுக்கறேன். சிவில், இ.சி.இ., பயோடெக், அடியேன் மெக்கானிக்கல். இதில் சிவில் அந்தமான்காரன். தாத்தா ராமநாதபுரம் பக்கத்தில் இருந்து மரவேலைக்குப் போய் அங்கேயே தங்கிட்டவர். பேரன் திரும்பி சென்னைக்குப் படிக்க வந்திருக்கான். ‘லீவுக்கு எங்க வீட்டுக்கு வாங்கடா’ன்னு முதல் வருஷத்தில் இருந்து சொல்லிட்டே இருந்தான். மூணாம் வருஷம்தான் எங்க வீடுகளில் ‘சரி’ விழுந்தது.

சென்னை துறைமுகத்தில் இருந்து கப்பல், பங்க் கிளாஸ். மூணு நாள். முதல் நாள் டைட்டானிக் பாட்டு, ரெண்டாம் நாள் வாந்தி, மூணாம் நாள் சீட்டுக்கட்டு. இதைப் பற்றி இதுக்கு மேல எழுத ஒண்ணும் இல்லை.

போர்ட் பிளேருக்கு 2024-ல் ஸ்ரீ விஜய புரம்னு பேர் மாற்றிட்டாங்க. ஆனா சிவிலோட அம்மா உட்பட எல்லாரும் இன்னும் ‘பிளேர்’னுதான் சொல்றாங்க. வாசலில் நின்னு, “தம்பிங்களா, இங்க அஞ்சு மணிக்கு விடிஞ்சிரும், சாயங்காலம் அஞ்சரைக்கு இருட்டிரும். ஊர் நெனப்புல சுத்தாதீங்க”ன்னாங்க. அட, எப்படின்னு கேட்டா, சிம்பிள் கணக்கு. நம்ம கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு ஓடுது. போர்ட் பிளேர் இருக்கறது 92.7-ல். ஒரு டிகிரிக்கு நாலு நிமிஷம்னா சூரியன் அங்கே நாற்பது நிமிஷம் முன்னாடியே ட்யூட்டிக்கு வந்துடறார், முன்னாடியே பஞ்ச் பண்ணிட்டுக் கிளம்பிடறார். இந்தக் கணக்கை அன்னிக்கு ஜோக்காத்தான் போட்டோம். பின்னாடி இதுதான் எங்களுக்கு எல்லாத்தையும் தீர்மானிச்சது.

நோட்டில் இருக்கும் மலைக்கு மவுண்ட் ஹாரியட்னு பேர். சிறைக் குடியிருப்புக்கு சூப்பரின்டெண்டென்ட்டா இருந்த டைட்லரோட மனைவி ஹாரியட்டின் பேர் அது. 1891 போருக்குப் பிறகு நாடு கடத்தப்பட்ட மணிப்பூர் வீரர்கள் நினைவாக 2021-ல் மவுண்ட் மணிப்பூர்னு மாற்றினாங்க. சாத்தம் ஜெட்டியில் இருந்து படகில் பாம்பூ ஃபிளாட், அங்கிருந்து நடை. ரோடு இருக்கு, ஜீப் போகுது. ஆனாலும் நடந்தோம். ஸ்டைலுக்குத்தான்.

அந்த மலையில் சூரிய அஸ்தமனம் பார்த்துட்டு இறங்கின ஒருத்தர் உயிரோட ஊர் திரும்பலை. வைஸ்ராய் மேயோ. 1872 பிப்ரவரி 8, இருட்டற நேரம். மலையில் இருந்து இறங்கி ஹோப்டவுன் ஜெட்டியில் படகு ஏறப் போனவரை ஷேர் அலின்னு ஒரு ஆயுள் கைதி கத்தியால் குத்திட்டார். இந்தியாவில் கொல்லப்பட்ட ஒரே வைஸ்ராய் அவர்தான். ஷேர் அலியை மார்ச் மாசமே வைப்பர் தீவில் தூக்கில் போட்டாங்க. பத்தாம் வகுப்புல இதெல்லாம் ஏன் சார் சொல்லித் தரலை? மேயோ ரெகுலேட்டிங்னு எதையோ மனப்பாடம் பண்ண வெச்சு மார்க்கைக் குறைச்சதுதான் மிச்சம்!

அடுத்த நாள் சிடியா டாப்பு. அங்கிருந்து முண்டா பஹாட்னு ஒரு குட்டி ட்ரெக், ஒண்ணரை கிலோமீட்டர்தான். அதைவிட என்னை நிறுத்தி வெச்சது கரையில் பார்த்த மரங்கள். கடல் தண்ணிக்குள்ள பட்டுப்போன மரங்கள் நிக்குது. அலை அடிச்சு விழுந்ததில்லை. 2004 டிசம்பர் 26 பூகம்பத்தில் தெற்கு அந்தமான் தரையே தாழ்ந்து போனதால கடல் உள்ளே வந்துடுச்சு. வடக்கு அந்தமானில் இதுக்கு நேர் தலைகீழ். பல இடங்களில் தரை மேலே எழும்பி, பவளப் பாறைகள் தண்ணிக்கு வெளியே வந்து செத்துப்போச்சு. ஒரு தீவு வரிசை தராசு மாதிரி சாய்ஞ்சிருக்கு. “எங்க சப்ஜெக்ட்டை நீ விளக்காத மாப்ள”ன்னு சிவில் முறைச்சான்.

அடுத்த டார்கெட் சேடில் பீக். அந்தமான் நிக்கோபார் தீவுகளிலேயே உயரமான சிகரம், 732 மீட்டர். ‘ப்பூ, தொட்டபெட்டா 2,637 மீட்டர்!’னு சிரிக்கறவங்களுக்கு: தொட்டபெட்டாவில் முக்கால்வாசி உயரத்தை பஸ்ஸே தூக்கிட்டுப் போய் விட்டுடும். சேடில் பீக்கில் செருப்பு கடல் தண்ணியில் நனையற இடத்தில் இருந்து ஏறணும். ஒரு வழி சுமார் 8 கிலோமீட்டர், அதே நாள் திரும்பணும். மலை இருக்கறது வடக்கே, டிக்லிப்பூர் பக்கம்.

டிக்லிப்பூருக்கு எப்படிப் போறதுங்கறதில்தான் கேங்கில் முதல் முறையா நிஜச் சண்டை. அந்தமான் ட்ரங்க் ரோடு வழியா பஸ் இருக்கு. ஆனா அந்த ரோடு ஜாரவா பழங்குடிகளின் காட்டுக்கு நடுவில் போகுது. ஜிர்காடாங் செக்போஸ்ட்டில் வண்டிகளை வரிசை கட்டி, போலீஸ் காவலோட அனுப்புவாங்க. நிறுத்தக் கூடாது, போட்டோ கூடாது. எத்தனை ரூல் இருந்தாலும் ‘ஜாரவா தெரிவாங்களா?’ன்னு கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கிட்டுப் போற டூரிஸ்ட்கள்தான் ஜாஸ்தி. அவங்களை உணவு காட்டி ஆட வெச்ச வீடியோ 2012-ல் வெளியாகி மானம் போச்சே, அது ஞாபகம் இருக்கா?

“நான் அந்த பஸ்ல வரலை”ன்னான் பயோடெக். “அவங்க மொத்தமே சில நூறு பேர். 1999-ல் அம்மை வந்து அத்தனை பேர் படுத்தாங்க. நம்ம தும்மலே அவங்களுக்கு ஆயுதம்டா. உச்ச நீதிமன்றம் 2002-லேயே அந்த ரோட்டை மூடச் சொல்லியாச்சு, இன்னும் ஓடுது.”

சிவிலுக்கு முகம் சிவந்துடுச்சு. “நீ டூரிஸ்ட், பேசுவ. டிக்லிப்பூர்ல எங்க சித்திக்கு ராத்திரி நெஞ்சு வலி வந்தப்ப இந்த ரோட்லதான் விடியக் காத்திருந்து கூட்டிட்டு வந்தோம். கப்பல் தினமும் வராது. மூடுனு ஈஸியா சொல்லிடறீங்க.”

ரெண்டு பேர் சொன்னதும் சரின்னுதான் எனக்குப் பட்டது. ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. சித்திக்கு நெஞ்சு வலி. எங்களுக்கு வெறும் லீவு. இதை நான் சொல்லலை, கொஞ்ச நேரம் கழிச்சு சிவிலே சொன்னான். ராத்திரிக் கப்பலுக்கு டிக்கெட் வாங்க அவனே போய் க்யூவில் நின்னான். ரெண்டு நாள் காத்திருந்து கிடைச்சது.

ட்ரெக் காலிப்பூருக்குப் பக்கத்தில் லாமியா பே கடற்கரையில் ஆரம்பம். கேட்டில் ஃபாரஸ்ட் ரிஜிஸ்டரில் பேர், உள்ளே போகும் நேரம் எழுதணும். எங்களுக்கு கைடா வந்தவரை ‘தாதா’ன்னு கூப்பிட்டோம். பயப்படாதீங்க, பெங்காலியில் அண்ணன். அவங்க அப்பா கிழக்கு பாகிஸ்தானில் இருந்து அகதியா வந்து, 1950-களில் காடு வெட்டிக் குடியேறினவர். தாதா போட்ட கண்டிஷன் ரெண்டு. ஒண்ணு, யாரும் பிரியக் கூடாது, போனா எல்லாரும், திரும்பினா எல்லாரும். ரெண்டு, மணி 12 அடிச்சா எங்கே நின்னாலும் ‘வாபஸ்’.

அஞ்சரைக்கு உள்ளே நுழைஞ்சோம். முதலில் கரையோரம், உருண்டைக் கல்லும் மணலுமா. ஓடை கடலில் சேரும் இடங்களில் தாதா நின்னு பார்த்துட்டுத்தான் தாண்ட விட்டார், முதலை பயம். 2010-ல் ஹேவ்லாக்கில் ஒரு அமெரிக்கப் பயணியை முதலை கொன்ன இடம் இந்தத் தீவுகள். காட்டுக்குள்ள போனா நிம்மதி. புலி, சிறுத்தை, கரடி எதுவும் அந்தமானில் கிடையாது. அந்த வேலையை எல்லாம் அட்டைகளே பார்த்துக்குது. சாக்ஸில் உப்பும் புகையிலையும் தேய்ச்சும் பிரயோஜனமில்லை.

படாக் மரங்களைப் பார்க்கணுமே! அடிமரம் ராக்கெட் இறக்கை மாதிரி விரிஞ்சு நிக்குது. மேலே மலை மைனா விசிலடிக்குது. காற்று மட்டும் சுத்தமா இல்லை. உடம்பு பிரஷர் குக்கருக்குள்ள இருந்த மாதிரி. ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணி கொண்டு போனதில் பத்து மணிக்கே ரெண்டு காலி. சரிவு செங்குத்தா ஆன பிறகு வேரைப் பிடிச்சுத்தான் ஏறினோம், பேச்சு நின்னுபோச்சு. பதினொண்ணரைக்கு மேகம் இறங்கிச்சு. மரங்கள் குட்டையாச்சு, குளிர்ந்த காற்று மூஞ்சியில் அடிச்சது. அடடா, வந்துட்டோம்டான்னு நினைச்சப்போ, “அம்மா!”ன்னு ஒரு சத்தம். இ.சி.இ. தொடையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டான். தசைப்பிடிப்பு.

பயோடெக் ஓ.ஆர்.எஸ். கலக்கிக் குடுத்து காலை நீவி விட்டான். அஞ்சு நிமிஷம் போச்சு, பத்து போச்சு. வாட்சில் உயரம் பார்த்தேன். 640 மீட்டர். பாக்கி 92. எங்க ஹாஸ்டல் மாடியை எட்டு தடவை ஏறினா முடிஞ்சுது! மணி 11:50. மழை தூற ஆரம்பிச்சது.

“அரை மணி நேரம் தாதா... ப்ளீஸ்”னு நான்தான் கேட்டேன். தாதா பதில் சொல்லலை, சிவிலைப் பார்த்தார். இந்த மலை மேல எங்களைவிட ஆசை அவனுக்குத்தான். அவன் தாத்தா இதைக் கப்பலில் இருந்து எத்தனையோ தடவை பார்த்தவர், ஒரு தடவையும் ஏறாதவர். போன வருஷம் தவறிட்டார். சிவில் மேலே மேகத்தைப் பார்த்தான், இ.சி.இ. காலைப் பார்த்தான். அப்புறம் விரல் விட்டு எண்ணினான். “இவன் காலுக்கு இறங்க அஞ்சு மணி நேரம். அஞ்சரைக்கு இருட்டு. நடுவுல மூணு ஓடை. கணக்கு உதைக்குதுடா.” பையை மாட்டிக்கிட்டு இ.சி.இ. பையையும் முன்பக்கம் மாட்டிக்கிட்டான். அவ்வளவுதான்.

எனக்குக் கோபம்தான். ஒரு மணி நேரம் யாரோடயும் பேசலை. காலையில் கல்லில் கால் வெச்சு நனையாம தாண்டின ஓடையைப் பார்க்கற வரைக்கும் அந்தக் கோபம் இருந்தது. இப்போ முட்டிக்கு மேலே பழுப்புத் தண்ணி, மரக்கிளைகளை உருட்டிக்கிட்டு ஓடுது. தாதா ஒரு நீளமான கழியை வெட்டினார். எல்லாரும் அதையே பிடிச்சுக்கிட்டு, இ.சி.இ.யை நடுவில் விட்டு, பக்கவாட்டில் நண்டு நடை. நடு ஓடையில் அவன் கால் ஒரு தடவை வழுக்கிச்சு. சிவில் சட்டைக் காலரைப் பிடிச்சு நிறுத்தினான். யாரும் ஜோக் அடிக்கலை.

கடற்கரைக்கு வந்தப்போ மழை விட்டிருந்தது. திரும்பிப் பார்த்தா, சேடில் பீக் ஒரு பொட்டு மேகம் இல்லாம, குதிரைச் சேணம் மாதிரி பளிச்னு உட்கார்ந்திருக்கு. தாதா சத்தமா சிரிச்சுட்டார். ரிஜிஸ்டரில் வெளியே வந்த நேரம் 5:10னு எழுதினோம். பேனாவை மூடறதுக்குள்ள இருட்டுக் கட்ட ஆரம்பிச்சிருச்சு.

நீங்க போறதா இருந்தா மே வேண்டாம். தென்மேற்குப் பருவமழை நம்ம கேரளாவுக்கு முன்னாடி அங்கேதான் ஆஜராகும், பெரும்பாலும் மே மூணாவது வாரத்தில். டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல நேரம். அப்போ போனா காலிப்பூரில் ராத்திரி முட்டையிட வர்ற கடலாமைகளையும் பார்க்கலாம், டார்ச் அடிக்காம. கைடு இல்லாம ஏறாதீங்க. சிப்பி, பவளம், கல் எதையும் பைக்குள்ள போடாதீங்க, திரும்பும்போது சோதிப்பாங்க. எங்க பையைச் சோதிச்சப்போ அகப்பட்டது அரை பாக்கெட் உப்பு, காயாத ரெண்டு ஜோடி சாக்ஸ். அதுக்குள்ள இருந்து ஒரு அட்டை மெதுவா எட்டிப் பார்த்துச்சு. அந்த ஆபீஸர் மேஜையை விட்டு ரெண்டடி தள்ளி நின்னு, ‘போ, போ’ன்னு கையைக் காட்டிட்டார்.