பாம்பன் பாலத்தில் ஓர் ஓசை

மண்டபத்தைக் கடந்து பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறியதும், இரண்டரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய எங்கள் அம்பாசடரின் எஞ்சினுள் கடிகாரம் துடிப்பது போன்றதோர் ஓசை எழுந்தது. 1988இல் திறக்கப்பெற்ற அப்பாலத்தின் இருமருங்கும் கடல்; பின்னிருக்கையில் நோயுற்ற தாயார். அடியில் கனத்து இடித்தால் பேரிங் பழுது, மேலும் ஓட்டலாகாது. இதுவோ மெல்லிய ஓசை, துணிந்து கடந்தோம்.

அக்கரை மெக்கானிக் முதலில் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார்; அளவு குறையவில்லை. நீண்ட திருப்புளியின் முனையை வால்வு மூடியில் ஊன்றி, பிடியைக் காதோடு பொருத்தினார். மருத்துவர் தோற்றார், போங்கள்!

"புகைக்குழாய் கேஸ்கட் கசிந்தால் எஞ்சின் சூடேறச் சத்தம் குறையும் ஹஜ்ரத். இது குறையவில்லை, டேப்பெட் இடைவெளிதான்" என்றார்.

எஞ்சினை ஆறவிட்டு, அளவுத் தகடு நுழைத்துத் திருகிச் சீராக்கினார். தாயாரின் தங்கை காத்திருந்த தங்கச்சிமடத்தை மாலைக்குள் அடைந்தோம்.