மன்னிப்பின் எழுவாய்

'கண்ணாடி உடைந்தது.' 'நான் கண்ணாடியை உடைத்தேன்.' எழுவாய் நடத்தும்போது நான் வகுப்பில் எப்போதும் எழுதிப்போடும் இரண்டு வாக்கியங்கள் இவை. முதல் வாக்கியத்தின் எழுவாய் கண்ணாடி. தானாகவே உடைந்துகொண்டது போல இருக்கும். இரண்டாவதில் எழுவாய் நான். உடைத்த கை அதில் தெரிகிறது. இலக்கணத்தில் இது தன்வினை, பிறவினைப் பாடம். வாழ்க்கையில் இது பொறுப்பைப் பற்றிய பாடம்.

நம் ஊரில் பொது இடத்தில் மன்னிப்புக் கேட்பவர்களின் வாக்கியத்தைக் கவனித்திருக்கிறீர்களா? "தவறு நடந்துவிட்டது. யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்." இங்கே எழுவாய் தவறு. அது தானாக நடந்துவிட்டது. புண்பட்டவர் 'யாராவது'. புண்பட்டதும் உறுதியில்லை, 'இருந்தால்'தான். 'நான்' வருகிற ஒரே இடம் வருத்தம் தெரிவிக்கும் இடம். அதாவது, பெருந்தன்மை காட்டும் இடம்.

இந்த வாக்கியம் அரசியல் மேடைகளுக்கு மட்டும் உரியதல்ல. ஆண்கள் சேர்ந்து ஒன்றை நேசிக்கும் இடங்களிலும் இதைக் கேட்கலாம். நான் கிட்டத்திலிருந்து கேட்டது பழைய கார்களை நேசிப்பவர்கள் நடுவில்.

வடசென்னை வண்டிகளின் ஊர். பெரம்பூர் ஐ.சி.எஃப். 1955இல் தொடங்கியது. அதே ஆண்டு உருவான என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் புல்லட் செய்தது. எண்ணூரின் அசோக் லேலண்ட், 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டித் தருவதில் ஆரம்பித்தது. இன்னும் வடக்கே போனால் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் கார், பைக் பந்தயங்கள் நடந்த இடம். 1990இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளம் வரும்வரை எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு அதுதான் திருவிழா. பையன்களுக்கு என்றுதான் சொல்கிறேன். ஆலைக்கு அனுப்பச் சோறு கட்டிக் கொடுத்த பெண்களுக்கு அந்த வண்டிகளோடு இருந்த உறவு, பின் சீட்டில் ஒருபக்கமாக உட்கார்வதுதான்.

அப்பாவின் பிரீமியர் பத்மினி என் கைக்கு வந்தபின் நானும் அந்த உலகத்துக்குள் போனேன். மாதத்தில் ஒரு ஞாயிறு பழைய கார் வைத்திருப்பவர்கள் சிலர் கூடுவோம். பேனட்டைத் திறந்து வைத்துப் பேசுவோம், டீ குடிப்போம், பழவேற்காடு வரை போய் வருவோம். அங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒன்று உண்டு. இயந்திரத்தின் முன்னால் அந்த ஆண்கள் பொய் சொல்வதில்லை. ஒருமுறை எங்களில் மூத்தவர், அறுபதைத் தாண்டியவர், ஒரு இளைஞனிடம் எல்லார் முன்னாலும் சொன்னார்: "டைமிங்கை அட்வான்ஸ் பண்ணுன்னு நான்தான்பா சொன்னேன். தப்பு. உன் இன்ஜின் நாக் அடிக்கிறதுக்கு நான்தான் காரணம். கொண்டா, நானே சரி பண்ணித் தரேன்." எழுவாய் இருக்கிறது, செயல் இருக்கிறது, யாருக்குத் தீங்கு என்பது இருக்கிறது, ஈடும் இருக்கிறது. அன்று அவர் மதிப்பு குறையவில்லை, கூடியது.

சில மாதங்கள் கழித்து ஒரு பெண் வந்தாள். கல்லூரி முடித்து வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தவள். தாத்தாவின் அம்பாசிடரைத் தானே ஓட்டி வந்தாள், அண்ணனும் கூட வந்திருந்தான். கார்பரேட்டரைக் கழற்றி, ஜெட் சுத்தம் செய்து, மிதவை மட்டம் பார்த்து மாட்டியது அவள். அதே மூத்தவர் பேனட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அண்ணன் தோளில் தட்டினார். "சூப்பரா பண்ணிருக்கப்பா." அவள், "நான்தான் பண்ணேன் அங்கிள்" என்றாள். "அண்ணன் பண்ணுவான், தங்கச்சி போட்டோ எடுத்துப்பா. எங்க வீட்லயும் இதே கதைதான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவள் பேனட்டை மூடினாள்.

அண்ணனே பிறகு அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறான். அவர் வருந்தினார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. என்ன செய்தார்? அண்ணனுக்குப் போன் போட்டு, "பாப்பாகிட்ட சொல்லிடுப்பா, மனசுல வச்சுக்க வேணாம்னு" என்றார். ஊரறியச் செய்த அவமதிப்புக்கு மன்னிப்பு ஆண் வழியாக வீட்டுக்கு வந்தது. அவள் ஏற்கவில்லை. உடனே சிலர் என்னிடம் வந்தார்கள். "மேடம், நீங்க லேடீஸ், நீங்க பேசி சமாதானம் பண்ணுங்க." தவறு செய்தவர் ஆண், சிரித்தவர்கள் ஆண்கள், சமாதான வேலை மட்டும் பெண்ணுக்கு. "அவரையே பேசச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு அவர் எழுந்தார். "போன தடவை ஏதோ விளையாட்டா பேசினது, யாருக்காவது கஷ்டமா இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார். அவள் குறுக்கிட்டாள். குரல் உயரவில்லை. "யாருக்காவது இல்ல அங்கிள். எனக்கு." அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "உன் வேலையை உன் அண்ணன் வேலைன்னு சொன்னது நான். நீ சொன்ன பிறகும் நம்பல. தப்பு என்னுது" என்றார். அவள் தலையசைத்தாள். 'பரவாயில்லை' என்று மட்டும் சொல்லவில்லை.

இயந்திரத்திடம் தெரிந்த நேர்மை பெண்ணிடம் வரும்போது ஏன் தடுமாறுகிறது? மன்னிப்புக் கேட்கத் தெரியாததாலா? அவருக்கு நன்றாகவே தெரியும், டைமிங் விஷயத்தில் பார்த்தோமே. அந்த இளைஞனைச் சமமானவன் என்று நினைத்ததால் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிந்தது. இவளைப் பாப்பா என்று நினைத்ததால் அண்ணனிடம் சொல்லியனுப்பத் தோன்றியது.

உலகப் பந்தயக் களத்திலும் இதன் வேறொரு வடிவம் உண்டு. ஃபார்முலா 1 அணியான ஹாஸ், 2021ஆம் ஆண்டுக்கு நிகிதா மசெபின் என்ற ஓட்டுநரை ஒப்பந்தம் செய்தது. 2020 டிசம்பரில், காரின் பின் இருக்கையில் இருந்த ஒரு பெண்ணின் மார்பை அவர் தொடும் வீடியோ அவர் பக்கத்திலேயே வெளியானது. அது நண்பர்களுக்குள் விளையாட்டு என்று அந்தப் பெண் எழுதினார். அணி கண்டித்தது. மசெபின் தன் நடத்தைக்கும், அது வெளியிடப்பட்டதற்கும், அணிக்கு ஏற்படுத்திய சங்கடத்துக்கும் மன்னிப்புக் கேட்டார். அந்த மன்னிப்பில் எழுவாய் இருந்தது. காரில் இருந்த பெண்ணை நோக்கி மட்டும் ஒரு சொல் இல்லை. உள்ளுக்குள் பேசி முடித்துவிட்டோம் என்றது அணி. பிறகு அந்த மன்னிப்பும் அவர் பக்கத்திலிருந்து நீக்கப்பட்டது. 2021இல் அவர் கார் ஓட்டினார். மன்னிப்பு யாருக்காக எழுதப்பட்டது என்பது, அது எவ்வளவு நாள் நிற்கிறது என்பதிலும் தெரிந்துவிடுகிறது.

எங்கள் பக்கம் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பைக் பந்தயத்துக்காகக் கைதான ஓர் இளைஞருக்கு 2022இல் ஜாமீன் கொடுத்த சென்னை உயர் நீதிமன்றம், ஒரு மாதம் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் விபத்துச் சிகிச்சைப் பிரிவில் வார்டு ஊழியர்களுக்கு உதவச் சொன்னது. அது ஜாமீன் நிபந்தனைதான், மன்னிப்பு அல்ல. ஆனாலும் மன்னிப்புக்கு வேண்டிய ஒன்று அதில் இருக்கிறது. வேகம் கடைசியில் எங்கே கொண்டுவந்து இறக்கப்படுகிறதோ, அங்கே போய் நில் என்கிறது. அந்த வார்டுக்கு வெளியே பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் அம்மாக்களையும் மனைவிகளையும் பார்க்காமல் அங்கே வேலை செய்ய முடியாது.

தமிழில் மிகப் புகழ்பெற்ற பொது ஒப்புதல் ஒரு பெண்ணின் முன்னால்தான் நடக்கிறது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டியதும் பாண்டியன் தன் அவையிலேயே, தான் அரசனல்ல, கள்வன் தானே என்று ஒப்புக்கொள்கிறான். பொற்கொல்லனைக் குறிப்பிடுகிறான், ஆனால் பழியை அவன்மேல் தள்ளவில்லை. அவன் சொல்லைக் கேட்ட குற்றம் தன்னுடையது என்கிறான். உயிரையும் விடுகிறான். அதற்கு மேல் ஒரு மன்னன் என்ன செய்ய முடியும்? ஆனால் கண்ணகி அதோடு அமைதியடையவில்லை, மதுரை எரிகிறது. எரித்தது சரியா என்று வகுப்பில் ஆண்டுதோறும் விவாதம் வரும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அரசனே ஒப்புக்கொண்டுவிட்டான், இனி நீ சமாதானமாகிவிடு என்று இளங்கோ கண்ணகியை வற்புறுத்தவில்லை.

நாம் பெண்களை அப்படி விடுவதில்லை. 'அதான் மன்னிப்புக் கேட்டுட்டாரே, இன்னும் என்ன?' என்ற கேள்வி உடனே வந்துவிடும். 'பரவாயில்லை' என்ற சொல்லைச் சின்ன வயதிலேயே நமக்குப் பழக்கிவிடுகிறார்கள். எதிரில் இருப்பவரின் கூச்சத்தைப் போக்க, நம் வலியை நாமே சின்னதாக்கிக் காட்டும் சொல் அது. பரவாயில்லை என்று நிஜமாகவே தோன்றும்போது சொல்லுங்கள். தோன்றாதபோது, கேட்டுக்கொண்டேன் என்று தலையசைத்தால் போதும்.

அந்தப் பெண் இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாள். மூத்தவரோடு பேசுகிறாள், பெரும்பாலும் கார்பரேட்டர் பற்றி. அவரை மன்னித்துவிட்டாளா என்று யாரோ என்னிடம் கேட்டார்கள். அது அவள் விஷயம் என்றேன்.