ஜவ்வாதுமலையில் கூடாரச் சுற்றுலா: விருந்தாளி வரட்டும், நிலம் நம்மிடமே இருக்கட்டும்

சனிக்கிழமை காலையில் போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் மலைப்பாதையில் சற்று நேரம் நின்றால், நம் மாவட்டத்தில் என்ன மாறிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். சந்தைக்குப் புளியும் பலாவும் இறங்குகிற அதே பாதையில், சென்னை, பெங்களூரு பதிவு எண் கொண்ட கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஏறுகின்றன. பல வண்டிகளின் பின்னால் சுருட்டிக் கட்டிய கூடாரம் இருக்கிறது. இவர்கள் லாட்ஜ் தேடி வருபவர்கள் அல்ல. மரத்தடியில், குளிரில், நட்சத்திரம் பார்த்துக்கொண்டு ஒரு இரவு படுத்துவிட்டுப் போக வருகிறார்கள்.

சில மாதங்களாக இந்தப் பத்திரிகைக்கு வரும் கடிதங்களிலும் இதே பேச்சுதான். "எங்கள் புளியந்தோப்பில் கூடாரம் போடலாமா?", "குத்தகைக்குக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?" என்று கேட்கிறார்கள். இந்த முறை பயிரைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு அதைப் பார்ப்போம்.

மலை என்ன தருகிறது?

ஜவ்வாதுமலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. செய்யாறு பிறப்பது இங்கேதான். இங்கே வாழும் மலையாளி பழங்குடி மக்கள், தங்கள் முன்னோர் காஞ்சிபுரம் பக்கமிருந்து வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்வார்கள். சாமை, கேழ்வரகு, புளி, பலா, சீத்தாப்பழம், தேன் ஆகியவைதான் மலையின் வருமானம். ஆடி வாக்கில் விதைத்த சாமை ஐப்பசியில் கதிர் முற்றி நிற்கும்போது சரிவுகளைப் பார்க்க வேண்டும். அந்தக் காட்சிக்குக் காசு கொடுக்க ஆள் வருவார்கள் என்று இருபது வருடம் முன்பு யாரும் நினைக்கவில்லை.

பார்க்கிற இடங்களுக்கும் குறைவில்லை. ஜமுனாமரத்தூரில் படகு விடும் ஏரி இருக்கிறது. மழை பெய்தால் பீமன் அருவி கொட்டும். குள்ளர் குகை என்று ஊரார் அழைக்கும் பழங்காலக் கற்திட்டைகள் இருக்கின்றன. இதே மலைத்தொடரில், திருப்பத்தூர் மாவட்டப் பக்கம், காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் செயல்பாட்டுக்கு வந்தது. வானாய்வுக்கு இந்த மலையைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம் இருட்டு. ஊர் வெளிச்சம் படாத வானம் ஒரு சொத்து என்று விஞ்ஞானிகள் அன்றே கண்டுகொண்டார்கள். கூடாரத்துக்கு வருபவர் தேடுவதும் அதையேதான். தோட்டம் முழுக்க வெள்ளை விளக்கு கட்டி, ஒலிபெருக்கி வைத்தால், அவர் எதற்கு வந்தாரோ அதை நாமே கெடுத்ததாகிவிடும். அதோடு வானாய்வகத்துக்கும் இடைஞ்சல்.

வெளிநாட்டில் எப்படி?

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் டென்பி போன்ற கடற்கரை ஊர்களைச் சுற்றி ஆடு வளர்க்கும் விவசாயிகள் இருக்கிறார்கள். கோடையில் மேய்ச்சல் நிலத்தின் ஒரு துண்டைக் கூடாரம் போட விடுவது அங்கே பழைய வழக்கம். கட்டில், மெத்தை, கணப்பு அடுப்பு எல்லாம் வைத்த சொகுசுக் கூடாரத்துக்கு 'கிளாம்பிங்' என்று பெயர். கிளாமரும் கேம்பிங்கும் சேர்ந்து பிறந்த சொல் அது. அங்கே தனி அனுமதி வாங்காமல் வருடத்தில் குறிப்பிட்ட சில நாள் வரைதான் நிலத்தில் கூடாரம் போடவிடலாம். பக்கத்து இங்கிலாந்தில் 2023-ல் இதை 60 நாள் வரை ஆக்கினார்கள். மீதி நாளெல்லாம் அது மேய்ச்சல் நிலம்தான்.

இத்தாலியில் 1985-ல் பண்ணைச் சுற்றுலாவுக்கென்றே சட்டம் வந்தது. விருந்தோம்பல் என்பது விவசாயத்தோடு இணைந்த துணைத் தொழிலாக இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. நம் நாட்டில் மகாராஷ்டிராவின் பாராமதி வட்டாரத்தில் இருபது வருடங்களாகப் பண்ணைச் சுற்றுலா நடக்கிறது. அந்த மாநில அரசு 2020-ல் இதற்கென்று தனிக் கொள்கையே அறிவித்தது. இவை எல்லாவற்றிலும் விவசாயி விவசாயியாகவே இருக்கிறார், விருந்தாளி வந்து போகிறார். இந்த வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

ஒரு சின்னக் கணக்கு

இது ஒரு உதாரணக் கணக்குதான். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். இரண்டு கூடாரம், ஒவ்வொன்றிலும் மூன்று பேர். இரண்டு வேளைச் சாப்பாட்டோடு ஆளுக்கு 800 ரூபாய் என்று வைத்தால், ஓர் இரவுக்கு 4,800 ரூபாய். மளிகை, ஆள்கூலி, துவைப்பு என்று பாதி போனால் மிச்சம் 2,400 ரூபாய். வருடத்தில் 30 இரவு நிரம்பினால் 72,000 ரூபாய் கிடைக்கும். கழிப்பறை, மேடை, கூடாரம், படுக்கை, விளக்கு என்று 2 லட்சம் போட்டிருந்தால் முதல் திரும்பவே மூன்று வருடம் பிடிக்கும். 12 இரவுதான் நிரம்புகிறது என்றால் ஏழு வருடம் ஆகும். நம் வெயிலில் கூடாரத் துணி ஏழு வருடம் தாங்காது.

ஆகவே நகையை வைத்துக் கடன் வாங்கி இதில் இறங்க வேண்டாம். முதல் வருடம் இரண்டே கூடாரம் போதும். கூடாரத்தை விட நிச்சயமான வருமானம் வேறொன்று உண்டு. வருபவர் திரும்பும்போது இரண்டு கிலோ சாமை அரிசி, ஒரு பாட்டில் தேன், ஒரு பலாப்பழம் வாங்கிப் போகிறார். வியாபாரி தரும் விலைக்கும் அவர் தரும் விலைக்கும் உள்ள வித்தியாசம் அப்படியே உங்கள் கையில் நிற்கும். வருபவரின் கைபேசி எண்ணை அவர் சம்மதத்தோடு வாங்கி வைத்தால், அடுத்த அறுவடைக்கும் அவரே வாடிக்கையாளர்.

தண்ணீர், கழிவு

"கூடாரம் வந்தால் தண்ணீர் போய்விடும்" என்று சிலர் பயப்படுகிறார்கள். கணக்குப் பார்ப்போம். நகரத்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசு வைத்திருக்கும் அளவு. ஆறு பேர் வந்தால் 810 லிட்டர். ஒரு ஏக்கர் நெல்லுக்கு 5 சென்டிமீட்டர் உயரம் ஒரு தண்ணீர் கட்ட ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர் வேண்டும். ஆகக் கூடாரம் தண்ணீரைக் குடிப்பதில்லை. குடிப்பது நீச்சல் குளமும் புல்தரையும்தான். 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம் உள்ள ஒரு சின்னக் குளத்துக்கே 60,000 லிட்டர் வேண்டும். சித்திரையில் போர்வெல் வற்றும் ஊரில் அதைச் செய்தால் பக்கத்துக் கொல்லைக்காரர் சண்டைக்கு வருவது நியாயம்தான்.

உண்மையான கவலை கழிவு. முதலில் கழிப்பறை, பிறகுதான் கூடாரம். கழிவுக்குழி கிணற்றிலிருந்தும் போர்வெல்லிலிருந்தும் குறைந்தது 15 மீட்டர், அதாவது 50 அடி தள்ளி, தண்ணீர் ஓடும் சரிவுக்குக் கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும். குளிக்கும் தண்ணீரை வாழைக்கும் கல்வாழைக்கும் விடலாம். பிளாஸ்டிக்கைக் கொண்டு வந்தவரே திரும்ப எடுத்துப் போகட்டும். உடைந்த பாட்டில் ஒன்று கிடந்தாலும் மாட்டின் காலைக் கிழிக்கும்.

ஆபத்து எங்கே?

பண்ணையில் நமக்குப் பழகிப்போன பல விஷயங்கள் நகரத்துப் பிள்ளைகளுக்கு ஆபத்தானவை. கைப்பிடிச் சுவர் இல்லாத திறந்தவெளிக் கிணறு அவற்றில் முதலாவது. அதற்குச் சுவர் எழுப்பி மூடாமல் ஒரு குடும்பத்தையும் தங்க வைக்காதீர்கள். பூச்சிமருந்து டப்பாக்கள் பூட்டிய அறையில் இருக்கட்டும். விருந்தாளி வரும் வாரத்தில் மருந்து அடிக்க வேண்டாம். காட்டுப்பன்றிக்காக வேலியில் நேரடி மின்சாரம் விடுவது எப்போதுமே சட்டவிரோதம், உயிருக்கும் ஆபத்து.

கட்டுவிரியன் இரவில் இரை தேடி வரும்போது, தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியும் பெரிதாகத் தெரியாது. எனவே மேடை, கட்டில், ஜிப் போட்டு மூடும் கூடாரம் அவசியம். வைக்கோல் போரும் விறகுக் குவியலும் தள்ளி இருக்கட்டும். கடித்துவிட்டால் கீறுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

அடுத்தது நெருப்பு. 2018 மார்ச் மாதம் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாசி முதல் ஆனி வரை சருகு காய்ந்து கிடக்கும் நம் மலையிலும் ஒரு பொறி போதும். அந்த மாதங்களில் கேம்ப் ஃபயர் கூடவே கூடாது. மற்ற மாதங்களிலும் தரையைச் சுத்தமாகச் செதுக்கி, பக்கத்தில் தண்ணீர்க் குடம் வைத்து, ஆள் இருந்து அணைக்க வேண்டும். புளியமரத்தடியில் நெருப்பு மூட்டினால் மரம் வெந்துபோகும். மேலே தேன்கூடு இருந்தால் புகை பட்டுத் தேனீக்கள் கொட்டும்.

யானை நடமாட்டம் உள்ள காட்டோரமும் வேண்டாம். 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடியில் கூடாரத்தில் தங்கியிருந்த பெண் ஒருவரை யானை தாக்கிக் கொன்றது.

நான்காவது மழை. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை நகரில் அண்ணாமலையார் மலைச்சரிவில் மண் சரிந்து, ஒரு வீட்டில் ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் புதைந்து இறந்தார்கள். கெட்டியாகக் கட்டிய வீடே தாங்கவில்லை, துணிக் கூடாரம் எம்மாத்திரம்? செங்குத்துச் சரிவின் அடியிலும், ஓடைக்கரையிலும், தனிப்பாறைக்குக் கீழேயும் கூடாரம் போடாதீர்கள். மழை எச்சரிக்கை வந்தால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ரத்து செய்யுங்கள்.

தாள் வேலை

பம்புசெட்டுக்கான இலவச மின்சாரத்தைக் கூடார விளக்குக்கு இழுக்கக் கூடாது. அதற்குத் தனி இணைப்பு வாங்க வேண்டும், இல்லையென்றால் சோலார் விளக்கு வைத்துக்கொள்ளலாம். முகாம் நடத்துவோர் மாநிலச் சுற்றுலாத் துறையில் பதிவு செய்ய வேண்டும். சமைத்துப் போட உணவு பாதுகாப்புத் துறைப் பதிவு தேவை. ரமணாசிரமத்துக்கு வரும் வெளிநாட்டவர் உங்களிடம் தங்கினால், வந்த 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை இணையத்தில் பதிவேற்ற வேண்டும். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி ஒரு அடியும் அழைத்துப் போகாதீர்கள். சில மலைக் கிராமங்களில் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் இசைவும் வேண்டியிருக்கும். தாலுகா அலுவலகத்தில் உங்கள் சர்வே எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. நிழல் நன்றாக இருக்கிறது. அதில் கூடாரம் போடலாமா?

காய்க்கும் தென்னைக்கு அடியில் வேண்டாம். தேங்காயோ மட்டையோ விழுந்தால் உயிரே போகலாம். தோப்பின் ஓரத்தில் வெட்டவெளி இருந்தால் அங்கே போடுங்கள். பகலில் தோப்பு நிழலில் கயிற்றுக் கட்டில் போடுவதானால், அந்த மரங்களில் காய் இறக்கி, காய்ந்த மட்டையையும் எடுத்திருக்க வேண்டும். மாந்தோப்பு இதைவிடப் பொருத்தம். ஆனால் தை, மாசியில் பூவுக்கு மருந்து அடிக்கும் நாட்களில் விருந்தாளி வேண்டாம்.

கேள்வி: கார்த்திகை தீபத்துக்கு கிரிவலப் பாதை அருகே எங்கள் நிலத்தில் பக்தர்களைத் தங்க வைக்கலாமா?

14 கிலோமீட்டர் பாதையில் லட்சக்கணக்கானோர் நடக்கும் நாள் அது. தேவை உண்டு, லாபமும் உண்டு. ஆனால் கழிப்பறை இல்லாமல் இடம் விட்டால், மறுநாள் உங்கள் நிலத்தில் கால் வைக்க முடியாது. உள்ளாட்சி, காவல் துறை இரண்டிலும் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். மலையடிவாரச் சரிவைத் தவிருங்கள். கடலை பிடுங்கிய வெறும் நிலம் என்றாலும், மழைக்காலம் என்பதால் சேறாகும். மேட்டுப்பகுதி மட்டும் போதும். அளவான ஆட்களை எடுங்கள்.

கேள்வி: ஜவ்வாதுமலையில் எங்கள் மூன்று ஏக்கரை வெளியூர் நிறுவனம் ஒன்று 15 வருடக் குத்தகைக்குக் கேட்கிறது. முன்பணம் பெரிதாக இருக்கிறது. எங்களுக்கே அங்கு வேலையும் தருவதாகச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

அவசரப்படாதீர்கள். உங்கள் பட்டா நிபந்தனைப் பட்டாவா என்று முதலில் பாருங்கள். அப்படியிருந்தால், நிபந்தனையை மீறினால் பட்டாவே ரத்தாகலாம். ஒரு வருடத்துக்கு மேல் போகும் குத்தகையைப் பத்திரப்பதிவு செய்தே ஆக வேண்டும். வெள்ளைத்தாளில் எழுதித் தருவதை ஏற்காதீர்கள். பொது அதிகாரப் பத்திரத்தில் எக்காரணம் கொண்டும் கையெழுத்துப் போடாதீர்கள். எவ்வளவு கட்டிடம் எழுப்பலாம், எத்தனை போர்வெல் போடலாம், புளியமரங்களை யார் அனுபவிப்பது, காலம் முடிந்தால் கான்கிரீட்டை யார் அகற்றுவது என்று நான்கையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அதுவே உங்களுக்குப் பதில்.

அதைவிட, மூன்று ஏக்கரில் பத்து சென்ட் மட்டும் நீங்களே ஒதுக்கி இரண்டு கூடாரம் போட்டுப் பாருங்கள். இரண்டே முக்கால் ஏக்கருக்கு மேல் சாமைக்கும் பலாவுக்கும் மிச்சமிருக்கும். நிலத்தைக் கொடுத்துவிட்டு அதே நிலத்தில் சம்பள ஆளாக நின்றால், 15 வருடம் கழித்து உங்கள் பிள்ளைகளுக்கு விதைக்கவும் தெரியாது, வேறு வேலையும் கையில் இருக்காது. முன்பணத்தை ஒரு பக்கம் எழுதி, அந்த 15 வருட விளைச்சலை மறுபக்கம் எழுதி, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் காட்டுங்கள். பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் அங்கே சட்ட உதவி இலவசம்.