இருபத்தெட்டாம் இடத்துப் பிள்ளை

கணிதத்தில் தன்னம்பிக்கை மிக்க மாணவர் எந்த நாட்டில் அதிகமோ, அந்த நாடே கணிதத்திலும் முன்னணியில் நிற்கும் என்றுதான் எவரும் எண்ணுவர். 'ரிம்ஸ்' எனப்படும் சர்வதேசக் கணித, விஞ்ஞான ஆய்வின் பெறுபேறுகள் வேறு கதை சொல்கின்றன. 1995 இல் ஆரம்பித்து நான்காண்டுகளுக்கு ஒருமுறை நடத்தப்படும் இவ்வாய்வு, மாணவரைச் சோதிப்பதோடு, தம்மைப் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்றும் கேட்கின்றது. 2003 இல் எட்டாம் வகுப்புக் கணிதத்தில் தென் கொரியா 589 புள்ளிகளும் ஜப்பான் 570 புள்ளிகளும் பெற்றன. ஐக்கிய அமெரிக்கா பெற்றது 504. ஆனால், இம்மூன்று நாடுகளுள் தமது ஆற்றலில் நம்பிக்கை கொண்டிருந்தோர் அமெரிக்காவிலேயே மிக அதிகம்.

அப்படியானால் தன்னம்பிக்கை படிப்புக்குக் கேடா? இல்லை. ஒரே நாட்டுக்குள் பார்த்தால், நம்பிக்கையுள்ள பிள்ளையே பொதுவாகக் கூடிய புள்ளி எடுக்கின்றது. தன்னடக்கத்தைப் போற்றும் கிழக்காசியப் பண்பாடு ஒரு காரணமாகலாம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பிள்ளை தன்னை உலகத்தோடு ஒப்பிடுவதில்லை. பக்கத்து மேசையோடு ஒப்பிடுகின்றது. சகமாணவரை விட உனக்குக் கணிதம் கடினமா என்று ரிம்ஸ் வினாக்கொத்தே கேட்கின்றது! உளவியலாளர் ஹேர்பேர்ட் மார்ஷ் 1980களில் இதைச் 'சிறு குளத்துப் பெரிய மீன்' விளைவு என்றார். அதே மீனைப் பெரிய குளத்தில் விட்டால், தான் சிறிது என்றே அது எண்ணும்.

நமது நாட்டில் மீன்களைக் குளம் மாற்றுவது ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை. பரீட்சைப் பெறுபேறு வெளியானதும் முதலிடம் பெற்றோரின் படங்களைத் தேடி ஓடும் தொழிலில் நீண்டகாலம் இருந்தவன் நான். அப்பிள்ளைகள் பின்னர் என்னவானார்கள் என்று பத்திரிகைகள் தேடுவதில்லை.

நண்பர் ஒருவரின் மகள் கிராமத்துப் பாடசாலையில் எப்போதும் முதலாம் பிள்ளை. புலமைப்பரிசிலில் சித்தியடைந்து நகரத்துப் பெரிய பாடசாலைக்குப் போனாள். முதல் தவணைத் தேர்ச்சி அறிக்கையில் இருபத்தெட்டாம் இடம். சாதாரண தரத்தில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் 'ஏ' எடுத்தாள். உயர்தரத்துக்குக் கணிதப் பிரிவைத் தேர்வாள் என்று தகப்பனார் காத்திருந்தார். அவளோ வர்த்தகப் பிரிவுக்கு விண்ணப்பித்தாள்.

ஏன் பிள்ளை என்று கேட்டேன்.

"எனக்குக் கணக்கு அவ்வளவு ஓடாது, மாமா."

அந்த 'ஏ' என்னவாயிற்று என்றேன்.

"எங்கட வகுப்பில எல்லாருக்கும் ஏதானே" என்றாள்.