மீட்டிங்குக்கு ஹால் வேண்டாம், நேரம்தான் வேண்டும்

1) கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் கட்டடம் புதுப்பிக்கும் வேலை நடந்தால் உங்களுக்குத் தெரிவது தூசி, சத்தம், "மாற்றுப் பாதை" போர்டு. உள்ளே வேலை பார்க்கும் எங்களுக்கு இன்னொரு பிரச்சனையும் உண்டு: மீட்டிங் போட இடம் இருக்காது. "இதெல்லாம் ஒரு பிரச்சனையா டாக்டர்?" என்று கேட்பீர்கள். கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையாகப் படிங்க.

2) ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனை. பேர் வேண்டாம். பழைய பிளாக்கில் வேலை ஆரம்பித்ததும் முதலில் பறிபோனது கான்ஃபரன்ஸ் ஹால்தான். வார்டிலிருந்து எடுத்த கட்டில், பீரோ எல்லாம் அங்கே அடுக்கியாச்சு. தொற்றுக் கட்டுப்பாட்டு மீட்டிங்கா? "ஹால் ரெடியாகட்டும், பாத்துக்கலாம்."

3) ஆனால் அந்த மீட்டிங் ரொம்ப அவசியமானதே அப்போதுதான். பழைய சுவரையும் சீலிங்கையும் உடைக்கும்போது கிளம்பும் தூசியில் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் இருக்கலாம். சுவாசித்தாலும் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. கீமோ எடுப்பவர், ரத்தப் புற்றுநோய் உள்ளவர், அதிக டோஸ் ஸ்டீராய்டில் இருப்பவர் நுரையீரலில் அது வளர்ந்தால் உயிருக்கே ஆபத்து. எந்தச் சுவரை எந்த நாள் உடைக்கிறார்கள் என்பது பக்கத்து வார்டுக்கு முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும்.

4) அடுத்தது ஆக்ஸிஜன். புது பைப்லைனை இணைக்க ஒரு இரவு 2 மணி நேரம் சப்ளையை நிறுத்த வேண்டியிருந்தது. ஒரு அதிகாரியின் ரூமில், பகல் 11 மணிக்கு மீட்டிங். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பெரிய சிலிண்டர் என்று முடிவு.

5) கணக்கு பாருங்க. பெரிய சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால் 11 மணி நேரத்துக்கு மேல் வரும். ஆனால் ஹை ஃப்ளோ மெஷினில் முழு ஆக்ஸிஜன் நிமிடத்துக்கு 60 லிட்டர் போனால்? 2 மணி நேரம்கூடத் தாங்காது.

6) அன்று வார்டில் ஹை ஃப்ளோவில் 2 பேர். கூடுதல் சிலிண்டர் கொண்டுவர வேண்டிய சாய்தளத்தில் ஜல்லி கொட்டிக் கிடந்தது. இது இரண்டும் தெரிந்த ஒரே ஆள் நைட் ட்யூட்டி சிஸ்டர். பகல் 11 மணிக்கு அவங்க வீட்டில் தூங்கிட்டு இருந்திருப்பாங்க. ராத்திரி ட்யூட்டிக்கு வந்து சர்க்குலரைப் பார்த்ததும் போன் போட்டு நிறுத்தினாங்க. வேலை தள்ளிப்போனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

7) அதற்குப் பிறகு எங்கள் ஆர்.எம்.ஓ. ஒரு முடிவு எடுத்தார். தினமும் காலை 8 மணி, 10 நிமிடம், நின்றுகொண்டே மீட்டிங். கிளம்பும் நைட் சிஸ்டர், வந்துசேரும் டே சிஸ்டர், எலக்ட்ரீஷியன், துப்புரவு மேற்பார்வையாளர், காண்ட்ராக்டரின் மேஸ்திரி, ட்யூட்டி டாக்டர். எல்லாரும் ஒரே இடத்தில் இருக்கக்கூடிய நேரம் அது ஒன்றுதான்.

8) இடம்? ஒரு வாரம் போர்டிகோ, ஒரு வாரம் வேப்பமரத்தடி. இடம் மாறும், நேரம் மாறாது. மேஸ்திரியிடம் ஒரு கேள்வி: "இன்னிக்கு எதை உடைக்கிறீங்க, எதை நிறுத்துறீங்க?" சிஸ்டரிடம் ஒரு கேள்வி: "எந்த பெட் சீரியஸ்?" அவ்வளவுதான்.

9) முதல் வாரம் மேஸ்திரி வாயே திறக்கவில்லை. இரண்டாவது வாரம் அவரே சொன்னார்: "சிஸ்டர், நாளைக்கு அந்த ஜன்னல் பக்கம் இடிக்கிறோம். அங்க இருக்குற பாட்டிய மாத்திடுங்க." இதை எந்த சர்க்குலரும் சொல்லியிருக்காது.

10) பெரிய இடத்திலும் இதே பிரச்சனைதான். நியூயார்க் ஐ.நா. தலைமையகத்தில் 2008-ல் புதுப்பிப்பு வேலை ஆரம்பித்தது. 193 நாடுகள் கூடும் பொதுச்சபையை ஒத்திவைக்க முடியுமா? வளாகத்தின் வடக்குப் புல்வெளியில் தற்காலிகக் கட்டடம் எழுப்பி, 2013 கூட்டத்தை அங்கேதான் நடத்தினார்கள். 2014-ல் பழைய மண்டபத்துக்குத் திரும்பினார்கள். கூடுவதற்கு இடம் தயார் செய்துவிட்டுத்தான் மண்டபத்தில் கை வைத்தார்கள். நமக்குத் தனிக் கட்டடம் கிடைக்காது. ஒரு நேரத்தை ஒதுக்க யாருடைய சாங்ஷனும் வேண்டாம்.

11) கடைசியாக, உங்களுக்கு. உங்க வீட்டு ஆள் அட்மிட் ஆகியிருக்கும் ஆஸ்பத்திரியில் வேலை நடக்கிறதா? மறைப்புக்குக் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டை விலக்கிக் குறுக்கு வழியில் போகாதீங்க. கீமோ நோயாளி என்றால் தூசி வருகிற பக்கம் படுக்க வைத்திருக்கிறார்களா என்று பாருங்க. சந்தேகம் இருந்தால் ட்யூட்டி டாக்டரிடமோ சிஸ்டரிடமோ கேளுங்க. "நீங்க ஏன் கேக்குறீங்க" என்று யாராவது முறைத்தாலும் பரவாயில்லை, இன்னொரு முறை கேளுங்க.